கோல்ஃப் டிரைவர் ஷாஃப்ட்ட வெட்டக் குடுக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க (பெங்களூர்)

பெங்களூர்ல கோல்ஃப் ஆடுற நம்ம ஆளுங்க, முக்கியமா என்ன மாதிரி ரெண்டு மூணு வருஷமா ஆடிட்டு இருக்குறவங்க, டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய கிளப்) நீளமா இருக்கு, ஷாஃப்ட்ட, அதாவது அதோட தண்ட, கொஞ்சம் வெட்டிக்கலாம்னு யோசிச்சிட்டு இருந்தா ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. எனக்கு 3,200 ரூபாயும் ஒரு நல்ல ஷாஃப்ட்டும் போச்சு. இன்னும் வயிறு எரியுது.

என் டிரைவர் 45.75 இன்ச். இப்ப கடைல வர்றது பெரும்பாலும் அந்த நீளம்தான், தூரம் போகணும்னு நீளமா குடுக்குறாங்க. ஆனா சனிக்கிழமை காலைல ரேஞ்சுக்கு (பிராக்டிஸ் பண்ற எடம்) போனா பத்து பால்ல மூணுதான் ஃபேஸ் (பால் படுற முகப்பு) நடுவுல படும், மீதியெல்லாம் ஹீல்ல (ஷாஃப்ட் பக்கத்து ஓரம்) ஒண்ணு, டோ-ல (எதிர்ப்பக்க நுனி) ஒண்ணு. டூர்ல ஆடுற ப்ரொஃபெஷனல்கள்லயே பலர் 45க்கு கீழ வச்சிருக்காங்க, 2017ல அமெரிக்க வீரர் ரிக்கி ஃபௌலர் 43.5 இன்ச் டிரைவரோட ஆடினாரு. குட்டையா இருந்தா பால் நடுவுல படும்ங்கிறது உண்மைதான், அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல. அதனால ஒரு இன்ச் மட்டும் குறைக்கலாம்னு முடிவு பண்ணி ஒரு கிளப் ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தமிழ்ல பேசினாரு, தர்மபுரி பக்கம்னு சொன்னாரு, "ஒரு மணி நேரம் சார், டீ குடிச்சிட்டு வாங்க"ன்னாரு, வெளியூர்ல இருந்துட்டு நம்ம மொழிய கேட்டதும் மனசு இறங்கிடுது இல்ல, நானும் ஒண்ணும் கேக்காம குடுத்துட்டுப் போயிட்டேன். பக்கத்துல நின்னு பாக்கட்டுமான்னு கேட்டதுக்கு மட்டும் "மெஷின் ரூம்ல கஸ்டமர விடமாட்டோம் சார்"னு சொன்னாரு. அங்கயே நான் கிளப்ப திருப்பி வாங்கியிருக்கணும். பில்லுல கட்டிங் 800, புது கிரிப் 1,400, ஸ்விங் வெயிட் (சுத்தும்போது தலைப்பக்கம் எவ்வளவு கனமா தெரியுதுங்கிற அளவு) பேலன்சிங் 1,000.

மறுநாள் கைல எடுத்து சுத்தினா தலைப்பக்கம் கனமே இல்ல, குச்சி மாதிரி இருக்கு. வீட்ல டேப் வச்சு அளந்தா 43.75. ரெண்டு இன்ச் போயிருக்கு! போன் பண்ணி கேட்டா "உங்க கிளப் முன்னாடியே 45க்கு கீழதான் சார் இருந்துச்சு, நான் ஒரு இன்ச்தான் எடுத்தேன்"னு சாதிக்கிறாரு. வெட்டுறதுக்கு முன்னாடி அளந்து எழுதி வச்சீங்களான்னு கேட்டேன், பதில் இல்ல.

எங்க ரேஞ்ச்ல ஒரு அண்ணன் இருக்காரு, சின்ன வயசுல கோல்ஃப் கேடியா (ஆடுறவங்களுக்கு பேக் தூக்குறவரா) இருந்தவர், இப்ப கிளப் ரிப்பேர் பண்றாரு. அவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் ஸ்விங் வெயிட் ஸ்கேல்ல வச்சதும் சி1 காட்டுச்சு, முன்னாடி டி3ல இருந்தது, அதாவது பன்னெண்டு பாயின்ட் கம்மி. அரை இன்ச் வெட்டினா ஸ்விங் வெயிட் மூணு பாயின்ட் இறங்கும், தலைல ரெண்டு கிராம் ஏத்தினா ஒரு பாயின்ட் ஏறும், இது இந்தத் தொழில் பண்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. ஒரு இன்ச் வெட்டியிருந்தா ஒரு பன்னெண்டு கிராம் லெட் டேப்போ (ஈயப் பட்டை) கனமான ஸ்க்ரூவோ தலைல போட்டு சரி பண்ணியிருக்கலாம். என் கிளப் தலைல ஒரு துண்டு டேப் கூட இல்ல, ஸ்க்ரூவும் பழசேதான். அப்ப அந்த ஆயிரம் ரூபா எதுக்கு?

அதவிட மோசம் கிரிப்ப உரிச்சப்பதான் தெரிஞ்சது. அண்ணன் பிளேட வச்சு மெதுவா கீறி எடுத்தாரு, உள்ள மாஸ்கிங் டேப் தடியா சுத்தியிருந்துச்சு, அத பிரிச்சதும் வெட்டுன முனை தேங்கா நார் மாதிரி பிரிஞ்சு நிக்குது. வட்டமா இருக்கவேண்டிய வாய் ஒரு பக்கம் நசுங்கி, அங்கேர்ந்து ஒரு விரிசல் கட்டைவிரல் நீளத்துக்கு கீழ இறங்கியிருக்கு. நகத்த வச்சா உள்ள போகுது. "தம்பி, பைப் கட்டர் போட்டிருக்கான்டா"ன்னாரு. பிளம்பருங்க சுத்தி சுத்தி இறுக்குவாங்களே, அது. ஸ்டீல் ஷாஃப்ட்டுக்கு அது சரி. என்னோடது கிராஃபைட், அதாவது கார்பன் நார்ல செஞ்சது, அதுக்கு அத போட்டா நார் நசுங்கிடும், வெட்டுற எடத்துல டேப் சுத்தி, பொடி பல்லு ஹேக்சாவோ கட்டிங் வீலோ வச்சுதான் அறுக்கணும். விரிசல் நான் புடிக்கிற எடத்துக்கு நேர் கீழ, முழு வேகத்துல சுத்தும்போது ஒடைஞ்சா கைய கிழிச்சிருக்கும்னு அவர் சொன்னப்ப நெஞ்சு பக்குனுச்சு. ஏற்கனவே ரெண்டு இன்ச் போயிடுச்சு, விரிசல எடுக்க இன்னும் வெட்டவும் வழியில்ல.

அதனால வெட்டக் குடுக்குறவங்க, கடைக்காரர உங்க கண்ணு முன்னாடியே அளக்கச் சொல்லுங்க. கிளப்ப பால் அடிக்கிற மாதிரி தரைல வச்சு, ஹீலுக்குப் பின்னாடி ஸ்கேல நிறுத்தி, கிரிப் மூடி வரைக்கும். அந்த நம்பர பில்லுலயே எழுதி வாங்குங்க, ஸ்விங் வெயிட்டும் முன்ன எவ்வளவு பின்ன எவ்வளவுன்னு கேளுங்க. எதால அறுக்குறீங்கன்னு கேளுங்க, பாக்க விடலன்னா வேற கடை பாருங்க.

அதுக்கும் முன்னாடி, அண்ணன் சொன்னது, ஒரு ரெண்டு மூணு வாரம் கிரிப்ப ஒரு இன்ச் எறக்கிப் புடிச்சு அடிச்சுப் பாருங்க. பால்ல ஒயிட்போர்டு மார்க்கர்ல ஒரு பட்டை போட்டா ஃபேஸ்ல எங்க பட்டுச்சுன்னு அச்சு விழும். ஃப்ரெண்டோட டிரைவர அப்படி எறக்கிப் புடிச்சு பன்னெண்டு பால் அடிச்சேன், எட்டு அச்சு நடுவுல.

கடைக்காரர் கிரிப் காச மட்டும் திருப்பித் தர்றேன்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு, வாட்ஸப்ல ப்ளூ டிக் விழுது, பதில் வரல. யார்கிட்டயாவது ரெகுலர் ஃப்ளெக்ஸ் (நடுத்தரமா வளையுற) டிரைவர் ஷாஃப்ட், வெட்டாதது, செகண்ட் ஹேண்ட்ல இருந்தா சொல்லுங்க. அல்சூர்ல இருக்கேன், நானே வந்து அளந்து பாத்து வாங்கிக்கிறேன்.