கிரவுன் தனி, ஸ்கர்ட் தனி: கப்பல் ஜெனரேட்டரில் கூட்டு பிஸ்டனோடு பல வருட அனுபவம்

பல வருடங்களாகக் கப்பல் என்ஜின் ரூமில் வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி 320 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் ஜெனரேட்டர்களோடு போனது, அதாவது வார்ட்சிலா 32 அளவிலான என்ஜின்கள். இவற்றின் பிஸ்டன் ஒரே துண்டாக இருக்காது. மேலே ஸ்டீல் கிரவுன், அதாவது தலை, கீழே நோடுலர் வார்ப்பிரும்பு ஸ்கர்ட், அதாவது உடம்பு, இரண்டையும் இழுத்துப் பிடிக்க ஸ்டட்கள் என்னும் நீளமான இழை வெட்டிய கம்பிகள். புதிதாகக் கப்பலேறும் தம்பிகள் இதைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். கிரவுன் நல்லது, ஸ்கர்ட் நல்லது, ஆனால் நம் வேலை முழுக்க அவை சேரும் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இணைப்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் இந்த பிஸ்டன் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏன் இரண்டு துண்டு? 320 போரில் பிஸ்டனின் மேல்பரப்பு சுமார் 800 சதுர சென்டிமீட்டர். இந்தக் கால மீடியம் ஸ்பீடு என்ஜின்களில் உச்ச எரிப்பு அழுத்தம் 200 பார் வரை போகிறது, கணக்குப் போட்டால் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிட்டத்தட்ட 160 டன் அந்தத் தலையில் இறங்குகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால், 720 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு ஆறு முறை. அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், எடையும் குறைவு, ஆனால் 300 டிகிரியைத் தாண்டினால் அதன் பலம் வேகமாக இறங்கிவிடும், பிஸ்டன் ரிங் உட்காரும் முதல் பள்ளமும் (ரிங் பள்ளம்) சீக்கிரம் தேய்ந்து அகன்றுவிடும். ஸ்டீல் தாங்கும், ஆனால் வெப்பத்தை அவ்வளவு சுலபமாகக் கடத்தாது. அதனால் கிரவுனின் சுவரை மெல்லியதாக வைத்து அதன் முதுகில் எண்ணெய் அடிக்க வேண்டும். அதற்குக் கிரவுனின் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், கருவி உள்ளே போய் வெட்ட வழி வேண்டும். ஃபோர்ஜ் செய்த, அதாவது சூடாக்கி அடித்து உருவாக்கிய, கிரவுனைத் தனியாக எடுத்து அடியிலிருந்து குளிரூட்டும் அறைகளைக் குடைந்து, ரிங் பள்ளங்களைக் கடினமாக்கி அல்லது குரோம் பூசி, அப்புறம் வார்த்த ஸ்கர்ட்டின் மேல் உட்கார வைக்கிறார்கள். ஒரே துண்டில் இதைச் செய்வது பெரும்பாடு. லாரி என்ஜின்களில் இப்போது இரண்டு ஸ்டீல் பாகங்களை உராய்வு வெல்டிங்கில் ஒட்டிவிடுகிறார்கள், சின்ன பிஸ்டனுக்கு அது சரி. எங்கள் அளவில் பிரித்துப் பார்க்க முடிவதுதான் பெரிய லாபம்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த 160 டன்னை ஸ்டட் தாங்குவதில்லை. அது கிரவுனிலிருந்து ஸ்கர்ட்டுக்கு, இரண்டும் முகம் வைத்து உட்காரும் வளையங்கள் வழியாக இறங்கி, பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் கஜன் பின்னுக்குப் போகிறது. ஸ்டட்டின் வேலை வேறு. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் நின்று திரும்பும்போது மேலே அழுத்த வாயு எதுவும் இல்லை, கிரவுன் தன் வேகத்திலேயே பறந்து போகப் பார்க்கும். அங்கே அதற்குக் கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல நூறு மடங்குக்கும் மேல். கிரவுனின் எடையை அதோடு பெருக்கினால் டன் கணக்கில் வரும், அதைப் பிடித்து இழுப்பது ஸ்டட்கள் மட்டுமே. ஸ்டட் நீளமாகவும் இடுப்பு ஒல்லியாகவும் இருப்பது இதற்காகத்தான், நீண்டு கொடுத்து இறுக்கத்தை இழக்காமல் நிற்க வேண்டும். அதன் இறுக்கம் கொஞ்சம் குறைந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் முகங்கள் லேசாகப் பிரிந்து பிரிந்து மோதும்.

பல வடிவமைப்புகளில் தாங்கும் முகங்கள் இரண்டு, உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று. குளிர்ந்த நிலையில் ஸ்டட்டை இறுக்கி முடித்தால் உள்வளையம் இறுகி உட்கார்ந்திருக்கும், வெளிவளையத்தில் மெல்லிய இடைவெளி இருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால் நுழையும். இதைப் பார்த்ததும் புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, "சார், வெளியே ஃபீலர் போகுதே, இன்னும் கொஞ்சம் டைட் பண்ணட்டுமா?" கூடாது. என்ஜின் ஓடும்போது கிரவுனின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட அதிகமாகச் சூடாகி விரிந்து, நடு மேலே எழும்பி ஓரம் கீழே வளையும். அழுத்தமும் சேர்ந்தால் அந்த இடைவெளி மூடி இரண்டு வளையங்களும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்த இடைவெளி திட்டமிட்டு வைத்தது. மேனுவலில் அதற்கு மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் இருக்கும், சுற்றிலும் நாலு இடத்திலாவது அளந்து எழுதி வைக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் உள்முகம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது நல்ல செய்தி கிடையாது.

என்னிடம் வந்த மிகப் பெரிய தொந்தரவு இந்த இடத்தில்தான். ஒரு கப்பலில் ரீகண்டிஷன் செய்து, அதாவது தேய்ந்ததைச் சரி செய்து, வந்த கிரவுன்களைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். ரிங் பள்ளம் கண்ணாடி போல இருந்தது, குரோம் அளவு கச்சிதம், சர்டிபிகேட்டும் இருந்தது. ஆனால் அந்த ஒர்க்‌ஷாப் தாங்கும் முகத்தையும் லேசாகச் சீவி விட்டிருந்தது, அதைப் பேப்பரில் எங்கும் எழுதவில்லை. உள்முகமும் வெளிமுகமும் எவ்வளவு உயர வித்தியாசத்தில் இருக்க வேண்டுமோ அது போய்விட்டது. என்ஜினைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த ஓவர்ஹாலுக்கு முன்பே ஒரு யூனிட்டில் தட்டும் சத்தம் வந்தது. நிறுத்தித் திறந்து பார்த்தால் ஒரு ஸ்டட் உடைந்திருந்தது, பக்கத்து ஸ்டட்டில் விரிசல் ஆரம்பித்திருந்தது, முகம் முழுக்க பழுப்பு நிறப் பொடி. கிரவுன் முழுசாகக் கழன்றிருந்தால் லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராட் என்று என்ஜினையே கிழித்துக்கொண்டு போயிருக்கும், பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. மீதி கிரவுன்களையும் எடுத்து அளந்தோம், பாதிக்கு மேல் தள்ளுபடி. அன்றிலிருந்து ரீகண்டிஷன் கிரவுன் வந்தால் நான் முதலில் அளப்பது ரிங் பள்ளத்தை இல்லை, தாங்கும் முகத்தைத்தான்.

அதற்காக ரீகண்டிஷனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்ஜின் கம்பெனி அங்கீகரித்த இடத்தில் பள்ளத்தைச் சரி செய்து ஒரு முறை திரும்பப் பயன்படுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, செலவும் புதுக் கிரவுனைவிட நன்றாகக் குறையும். ஒரே துண்டு பிஸ்டனில் முதல் பள்ளம் தேய்ந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். இங்கே ஸ்கர்ட் நன்றாக இருந்தால் அது பல கிரவுன்களைப் பார்த்துவிடும்.

ஓவர்ஹால் இடைவெளி எரிபொருளையும் லோடையும் பொறுத்தது, 12,000 மணி, 16,000 மணி என்று மேனுவலில் கொடுத்திருப்பார்கள். பிரித்ததும் நான் பார்ப்பது கிரவுனின் மேல்பக்கத்தை அல்ல, உள்பக்கத்தை. எண்ணெய் கனெக்டிங் ராட் வழியாக ஏறி, கஜன் பின், ஸ்கர்ட் கடந்து கிரவுனுக்குள் போய், பாதி நிறைந்த அறையில் பிஸ்டனின் ஆட்டத்தாலேயே மேலும் கீழும் அடிபட்டு வெப்பத்தை எடுத்துக்கொண்டு கிராங்க்கேஸுக்கு இறங்குகிறது. அந்த அறையின் கூரையில் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் கிரவுன் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. கரி வெப்பத்தை விடாது, அதனால் இன்னும் சூடாகும், இன்னும் கரி படியும். இன்ஜெக்டர், டர்போ, லோடு எல்லாவற்றையும் அப்போதே பார்க்க வேண்டும், கரியைச் சுரண்டி விட்டு மூடினால் போதாது. கெமிக்கல் தொட்டியில் ஊற வைத்துக் கழுவுவதுதான் சரி. ஊசிகளால் தட்டிச் சுரண்டும் நீடில் கன்னை எடுத்துக்கொண்டு தாங்கும் முகத்தின் பக்கம் போகும் ஃபிட்டரை நான் நிறுத்திவிடுவேன். கழுவியதும் டை செக், அதாவது சாயம் தடவி விரிசல் பார்ப்பது, குறிப்பாக அறையின் உள்மூலைகளிலும் ஸ்டட் துளைகளைச் சுற்றியும்.

ஸ்டட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இழைக்கு எந்த எண்ணெய் போடச் சொல்கிறார்களோ அதையே போட வேண்டும். கையில் கிடைத்த மாலிப்டினம் பேஸ்ட்டைத் தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையில்) ஸ்டட் அளவுக்கு மேல் நீண்டுவிடும். முதலில் குறைந்த டார்க், அப்புறம் குறித்த டிகிரி சுற்று, எதிரெதிராக மாறி மாறி. முதல் தடவை இறுக்கித் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லும் மேனுவலும் உண்டு, முகங்கள் படிந்து உட்கார்வதற்காக. நேரம் போகிறதே என்று அதை விட்டுவிடும் கப்பல்களைப் பார்த்திருக்கிறேன்.

2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட கந்தக அளவு 3.50 சதவீதத்திலிருந்து 0.50க்கு இறங்கிய பிறகு ரிங் பள்ளத்தில் அமில அரிப்பு குறைந்திருக்கிறது, இது என் கண்ணால் பார்த்தது. ஆனால் பழைய சிலிண்டர் எண்ணெயின் காரத்தன்மையை அப்படியே வைத்து ஓட்டிய கப்பல்களில் கிரவுனின் ஓரத்தில் வெள்ளைப் படிவு கட்டியாகச் சேர்ந்தது. இது கப்பலை ஓட்டும் மெயின் என்ஜின் டூ ஸ்ட்ரோக்கில் அதிகம். ஜெனரேட்டரில் லைனரின் மேலே ஆன்டி பாலிஷிங் ரிங் இருப்பது பெரிய வரம், கிரவுனின் மேல்விளிம்பில் படியும் கரியை ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சுரண்டி விடுகிறது. லைனர் பாலிஷ் போட்டது போல வழவழப்பாவதும், எண்ணெய் செலவு ஏறுவதும் அதனால் நன்றாகக் கட்டுப்படுகிறது.

மெயின் என்ஜின் பிஸ்டனும் கூட்டு பிஸ்டன்தான், கிரவுன், குட்டை ஸ்கர்ட், பிஸ்டன் ராட் என்று மூன்று பாகம். அங்கே பயம் வேறு. குளிரூட்டும் எண்ணெய் ராடின் நடுவே ஏறி வருவதால், கிரவுனுக்கும் ராடுக்கும் ஸ்கர்ட்டுக்கும் நடுவில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் சீல் வளையம்) விட்டுவிட்டால் எண்ணெய் ஸ்கேவஞ்ச் பக்கம், அதாவது பிஸ்டனுக்கு அடியில் உள்ள காற்று அறைக்கு, கசியும், அது ஸ்கேவஞ்ச் நெருப்புக்கு நேராக வழி. அதனால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பிஸ்டனை உள்ளே இறக்குவதில்லை, அவசரம் என்று யார் சொன்னாலும் சரி.

ஹைட்ராலிக் பக்கமும் சொல்லிவிடுகிறேன், டெக்கில் சரக்கு அறையின் மூடியைத் தூக்கும் ஹேட்ச் கவர் சிலிண்டர்களும் நம் தலையில்தான். அவற்றிலும் இரண்டு பாதியாக வரும் பிஸ்டன்களை எனக்குப் பிடிக்கும். ஒரே துண்டு பிஸ்டனில் டெஃப்லான் சீலைச் சூடாக்கி, இழுத்து, பள்ளத்தில் போட்டு, மறுபடி சுருக்க வேண்டும். வெயிலில் டெக்கில் நின்று இதைச் செய்யும்போது சீலில் கீறல் விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு பாதி என்றால் சீலை அப்படியே நடுவில் வைத்து மூடி நட்டை இறுக்கினால் முடிந்தது, இழுவை தாங்காத கடினமான சீலையும் போடலாம். குறை என்னவென்றால் பாதிகளுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு நிலையான ஓ-ரிங் இருக்கிறது, அது போனால் எண்ணெய் பிஸ்டனின் உள்வழியாக மறுபக்கம் போய்விடும். ஹேட்ச் தானாக மெல்ல இறங்கும், எல்லாரும் வெளிச் சீலைக் குற்றம் சொல்லி மாற்றுவார்கள், மறுபடியும் இறங்கும். சீல் கிட் வாங்கும்போது அந்தச் சின்ன ஓ-ரிங் உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், மலிவான கிட்களில் பல முறை இருப்பதில்லை. நட்டு தளர்ந்தாலும் ஆபத்துதான், பாதிகள் விலகினால் சீல் அந்த இடுக்கில் பிதுங்கி அறுந்துவிடும். நட்டு சுழலாமல் பூட்டும் செட் ஸ்க்ரூவைப் போட்டு, அதன் தலையில் பஞ்ச் அடித்து விடுங்கள்.

கம்பெனிகளிடம் எனக்கு இருக்கும் ஒரே வேண்டுகோள், கிரவுனோடும் ஸ்கர்ட்டோடும் அதன் வரலாறு போக வேண்டும். எண் அடித்திருக்கிறது, ஆனால் அது எத்தனை மணி ஓடியது, எங்கே சீவப்பட்டது, எந்த ஸ்கர்ட்டோடு ஜோடி என்பது கப்பல் விற்கப்பட்டாலோ மேனேஜ்மென்ட் மாறினாலோ காணாமல் போய்விடுகிறது. ஸ்பேர் கிரவுன் பெட்டிக்குள் ஒரு தாளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி நான் வைத்துவிடுகிறேன். அதில் ஓடிய மணி, பள்ள அளவு, தாங்கும் முகத்தின் உயர வித்தியாசம், குளிர் இடைவெளி, கடைசி டை செக் தேதி. கப்பலைப் பொறுப்பேற்க டேக் ஓவருக்கு வருகிறவர்களே, பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்தத் தாளைக் கேளுங்கள், இல்லை என்றால் அந்தக் கிரவுனைப் புதிதாக அளக்காமல் என்ஜினுக்குள் இறக்காதீர்கள்.