நாய்க்குட்டிக்கு இனம் பார்க்கும் டிஎன்ஏ டெஸ்ட்: 7,800 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த டெஸ்டை விற்ற பையன் என் நம்பரை பிளாக் செய்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், கடைசியில் என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த குட்டி. வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, பெண். சுண்டல் என்று பெயர் வைத்தோம். பார்த்தவர்களில் பாதிப்பேர் ராஜபாளையம் கிராஸ் என்றார்கள், மீதிப்பேர் லாப்ரடார் கிராஸ் என்றார்கள், கீழ்வீட்டுத் தாத்தா மட்டும் அது நம்ம தெரு நாய்தாம்மா என்றார். பெருமைக்காக எனக்கு இனம் தெரிய வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு; சுண்டலும் சில நேரம் பின்னால் தட்டு விழுந்தால்கூடத் திரும்ப மாட்டாள். அந்தப் பயம்தான்.

அப்போது போனில் ஒரு விளம்பரம். செல்லப்பிராணிப் பொருள் விற்கும் ஆன்லைன் கடை, டிஎன்ஏ டெஸ்டும் செய்வார்களாம். பேசிய பையன் முதலில் கேட்டதே "குட்டி சாப்பிட்டாளா அக்கா?" என்றுதான். அவன் வீட்டிலும் தெருவில் எடுத்த நாய்தானாம், அதற்கும் இதே டெஸ்ட் எடுத்தானாம். அங்கேதான் நான் விழுந்தேன். அவன் சொன்ன தனி நம்பருக்கே 7,800 ரூபாய் ஜிபே செய்தேன், ரசீது கூடக் கேட்கவில்லை.

கிட் வந்தது. இரண்டு பஞ்சுக் குச்சி. சாப்பாடு கொடுக்காமல் காத்திருந்து, அம்மா அவளை மடியில் பிடித்துக்கொள்ள, நான் கன்னத்தின் உள்பக்கம் அரை நிமிஷம் தேய்த்து எடுத்தேன். அவள் ஒரு குச்சியைக் கடித்தே விட்டாள், பாவம்.

மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. நேற்று பிடிஎஃப் வந்தது. லாப்ரடார் 45, ராஜபாளையம் 40, ஜெர்மன் ஷெப்பர்ட் 30. கூட்டிப் பாருங்கள், 115 சதவீதம்! அதோடு ஆண், கறுப்பு நிறம் என்று இருக்கிறது. சுண்டல் என்ற பெயர் மட்டும் வேறு ஃபான்ட்டில், கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது.

கேட்டால் "மிக்ஸ்டு நாய்னா கூடக்குறைய வரும் மேடம்" என்கிறான். அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. அப்புறம் "லேப் டீம் கூப்பிடுவாங்க" என்றான், யாரும் கூப்பிடவில்லை. எந்த லேப் என்றால் பதில் இல்லை. ரீஃபண்ட் கேட்டதும் நான் சாம்பிள் எடுத்ததே தப்பு என்றான், குச்சியை நாய் கடித்ததாக நானே சொன்னதை வைத்து. பிறகு பிளாக். 7,800 ரூபாய், என் பாதி மாச வீட்டு வாடகை அது.

எங்கள் கால்நடை டாக்டரிடம் காட்டினேன். நல்ல லேப் என்றாலும் தங்களிடம் இருக்கிற நாய்களின் டிஎன்ஏவோடுதான் ஒப்பிடுவார்களாம். அந்தத் தொகுப்பில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, நம் தெரு நாய் இதெல்லாம் இல்லையென்றால், கிட்டத்தில் இருக்கிற ஏதோ வெளிநாட்டு இனத்தின் பெயர்தான் வருமாம். காது கேட்கிறதா என்று பார்க்க பிஏஇஆர் (BAER) என்று தனி டெஸ்ட் இருக்கிறது, இனம் தெரிந்து அதற்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்றார். இதை முதலிலேயே அவரிடம் கேட்டிருந்தால் அந்த 7,800 கையில் இருந்திருக்கும்.

சரி, சொன்னபடி: தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். லேப் பெயரும், நம்ம ஊர் இனங்கள் அவர்கள் தொகுப்பில் இருக்கிறதா என்பதும் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, பொருளோ சேவையோ சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இப்போது 1930-க்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், லைன் கிடைக்கவில்லை.