எழும்பூர் லாட்ஜா, தாம்பரம் சித்தப்பா வீடா?

அம்மாவின் கருவிழிச் சிகிச்சைக்காக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு மூன்று தடவை போய்வந்தோம். 1819-ல் தொடங்கிய பழைய ஆஸ்பத்திரி. எங்கே தங்கலாம் என்று மயிலாடுதுறையில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: "ஸ்டேஷன் பக்கம் வேண்டாம் தம்பி, கழுத்துல கெடக்குறத அறுத்துட்டுப் போயிடுவான். தாம்பரத்துல சித்தப்பா வீடு இருக்குல்ல?"

முதல் தடவை சித்தப்பா வீட்டில் தங்கினோம். அடுத்த இரண்டு தடவையும் ஸ்டேஷனுக்கு எதிரே, கென்னட் லேனில் லாட்ஜ். இப்போது யார் கேட்டாலும் லாட்ஜைத்தான் சொல்கிறேன்.

செலவிலும் சாப்பாட்டிலும் சித்தப்பா வீடுதான் மேல். சித்தியின் மிளகு ரசம் எந்த ஓட்டலில் கிடைக்கும்?

ஆனால் உழவன் எக்ஸ்பிரஸ் போய்ச் சேர்வது விடிவதற்கு முன்னால். அன்றைக்குத் தாம்பரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, சேலையூர் தாண்டிப் போனோம். தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டார். வீட்டுக்கு இன்னும் முந்நூறு அடி. தெருவிளக்கு ஒன்று எரிந்தால் ஒன்று எரியவில்லை. ஒரு பைக் மெதுவாக எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சங்கிலி பறிப்பவனுக்குத் தோதான தெரு அதுதான்: ஆள் நடமாட்டம் கிடையாது, தப்பிக்க வழி உண்டு, வாசல் தெளிக்க யாராவது தனியாக வந்து நிற்பார்கள்.

எழும்பூரில் அதே இருட்டில் இறங்கினோம். போர்ட்டர்கள், டீக்கடை, ரயில்வே போலீஸ், கூடவே ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம். சாலையைக் கடந்து லாட்ஜ் படியேறும் வரை வெளிச்சத்திலேயே நடந்தோம். அங்கே எனக்கு நஷ்டம் என்றால், ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆட்டோவில் இரண்டு மடங்கு கொடுத்ததுதான். அப்புறம் போனிலேயே ஆட்டோ பதிவு செய்துகொண்டேன். பிக்பாக்கெட் பயம் உண்டு; பணத்தையும் போனையும் உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெருநகரக் குற்றக் கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 19 நகரங்களுக்குத் தனியாகக் கணக்குப் போடுகிறது, லட்சம் பேருக்கு இத்தனை வழக்கு என்று. அதில் வீட்டுத் தகராறு, மோசடி, அடிதடி எல்லாம் சேரும். வைத்தியத்துக்கு இரண்டு நாள் வந்துபோகிறவருக்கு அதில் பாதிகூடப் பொருந்தாது. எங்கள் குடும்பத்தில் சங்கிலி பறிபோனது ஒரே தடவை. அதுவும் சென்னையில் இல்லை, ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்கான கடைமுகத்தன்று, நம்மூர் துலாக்கட்டப் படித்துறையில். கூட்டத்தில் முழுகி எழுந்தபோது அத்தையின் மூன்று சவரன் போயிருந்தது.

லாட்ஜில் நான் தங்கியது இரண்டு தடவைதான், அதுவும் அம்மாவோடு. தனியாக வரும் பெண்கள், அங்கே தனியாகத் தங்கிய பெண் யாரையாவது கேட்டு முடிவு செய்வதே சரி.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. உழவனில் டிக்கெட் போட்டாயிற்று, எழும்பூர் வரை.