திருச்சியில் ஒரு வாரம்

2022 பிப்ரவரியில் அப்பாவின் திவசத்துக்காக கனடாவின் பிராம்ப்டனிலிருந்து லால்குடிக்கு வந்திருந்தோம். நான்காம் நாள் ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டாக இருக்கலாம் என்று ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்காமல், வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்து, பீளை தள்ளாமலேயே கண்கள் இரண்டும் சிவந்துவிட்டதால், அண்ணன் எங்களைத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கிருந்த குழந்தை மருத்துவர் டெங்குவுக்கு ரத்தம் எடுக்கச் சொன்ன கையோடு, ஆறு வாரங்களுக்குள் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா என்று கேட்டார். ஜனவரி நடுவில் எனக்கு வந்திருந்தது. மகளுக்கு இரண்டு நாள் மூக்கொழுகியதோடு சரி என்பதால் கிளினிக்கில் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தொற்று ஓய்ந்து இரண்டு முதல் ஆறு வாரங்களில் உடலின் எதிர்ப்பாற்றலே மிகையாகக் கிளர்ந்து, இதயம், குடல், தோல் என்று பல உறுப்புகளில் அழற்சியை உண்டாக்கும் எம்.ஐ.எஸ்.-சி நோயாக இருக்கக்கூடும் என்று அவர் விளக்கினார். ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ், முன்பு தொற்று வந்துபோனதைக் காட்டும் ஆன்டிபாடி பாசிட்டிவ், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. மிக அதிகம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் அன்றிரவே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி நாளங்கள் வீங்கவில்லை. இதயத்தின் சுருங்கும் திறன் மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. இந்த வேகத்தை நான் கனடாவில் கண்டதில்லை.

மருந்துதான் எங்களை அலைக்கழித்தது. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 5 கிராம் குப்பிகள் எட்டு தேவைப்பட்டன. மருத்துவமனை மருந்தகத்தில் மூன்றுதான் இருந்தன. மீதி ஐந்தை அண்ணன் இரண்டு கடைகளில் தேடிப் பிடித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்தார். விடிய விடிய மெதுவாக ஏற்றினார்கள்; ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். மறுநாள் மாலை காய்ச்சல் விட்டு, தயிர்சாதம் கேட்டாள்.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்யூனோகுளோபுலினின் அளவும் இல்லை, ஏற்றிய தேதியும் இல்லை. இது சில்லறை விஷயமல்ல: அந்த அளவு மருந்து பெற்ற குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற, வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை 11 மாதங்கள் தள்ளிப்போட வேண்டும்; எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் நான்கு முதல் ஆறு வயதுக்குள் போடும் இரண்டாம் தவணை அவளுக்குப் பாக்கி இருந்தது. பிராம்ப்டன் மருத்துவர் கேட்டபோது நான் விழித்தேன். மூன்று வாரம் தொலைபேசியில் மன்றாடியும் பதிவேட்டுப் பிரிவு அசையவில்லை; அண்ணன் நேரில் போய், கேஸ் ஷீட்டில் செவிலியர் ஒட்டியிருந்த எட்டு லேபிள்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆறாவது வார எக்கோ இயல்பாக இருந்தது. தடுப்பூசிக்கு 2023 ஜனவரியில் தேதி கொடுத்தார்கள்.