மூன்று வருடம், இரண்டு ஆக்சஸ் பாயின்ட், ஒரு பழுதான கேபிள்

மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆக்சஸ் பாயின்ட் (கம்பியில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) மாட்டி மூன்று வருடம் ஆகப்போகிறது. இப்போது வீட்டில் யாரும் வைஃபையைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் கொடுக்கக்கூடிய உச்ச மதிப்பெண் அதுதான். முதல் எட்டு மாதமோ சாப்பாட்டு நேரத்தில்கூட வேறு பேச்சு கிடையாது.

அதற்கு முன், ரவுட்டரின் வைஃபையைப் பிடித்து மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் வைத்திருந்தேன். போனில் சிக்னல் கோடு முழுதாக நிற்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், ரவுட்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு அதே சேனலில் மறுபடியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். போனில் தெரியும் கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள நிலவரம்தான். ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன கூத்து நடக்கிறது என்பது அதில் தெரியாது. நான் அதைச் செருகியிருந்தது சிக்னலே எட்டாத அறையில். இருட்டறையில் நிலைக்கண்ணாடியை மாட்டிவிட்டு வெளிச்சம் வரவில்லையே என்று கேட்ட கதை.

சரி, கேபிள் இழுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். கீழே புதிதாக வாங்கிய ஆக்சஸ் பாயின்ட். மாடிக்கு, சும்மா கிடந்த பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம். இந்தச் சிக்கனம்தான் என்னை இரண்டு வாரம் ஆட்டி வைத்தது.

முதலில் கேபிளை அதன் வான் போர்ட்டில், அதாவது வெளி இன்டர்நெட்டுக்கான துளையில், செருகினேன். இன்டர்நெட் வந்துவிட்டது. ஆனால் மாடியில் இருக்கும் பிரின்டர் கீழே உள்ள எந்தக் கருவிக்கும் தெரியவில்லை. பழைய ரவுட்டர் தனக்கென்று ஒரு குட்டி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் காரணம். கேபிளைப் பிடுங்கி, வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டுக்கு மாற்றினேன். உடனே மொத்த வீடும் தடுமாறியது. வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் மோடமும் (முன்பு சொன்ன ரவுட்டர் அதுதான்) இந்தப் பழைய ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் இருந்தன. மாடிக் கருவிக்கு 192.168.1.2 என்று கொடுத்தேன், எல்லாம் ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா மாடியிலிருந்து குரல் கொடுத்தார். “டேய், வைஃபை இருக்குன்னு காட்டுது, ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குதே!” வைஃபையை அணைத்துப் போட்டால் சரியானது. மறுநாள் தங்கையின் லேப்டாப், அதற்கடுத்து டிவி. சில சமயம் அணைத்துப் போட்டாலும் சரியாகவில்லை. கடைசியில் போனின் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது: கேட்வே, அதாவது இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல், 192.168.1.2 என்று இருந்தது. பழைய ரவுட்டரில், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைக்க மறந்திருக்கிறேன். முகவரி கேட்கும் கருவிக்கு மோடம் முந்திக்கொண்டு பதில் சொன்னால் பிழைத்தது. பழைய ரவுட்டர் முந்திக்கொண்டால், எந்த வழியும் இல்லாத வாசலைக் காட்டிவிடும். ஒரு டிக்கை எடுத்தேன். அந்தப் பிரச்சினை அதோடு போயே போய்விட்டது. இப்போதெல்லாம் யாராவது நெட் வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது சிக்னலை அல்ல, கேட்வேயை.

அடுத்தது வேகம். எங்கள் இணைப்பு 200 மெகாபிட். கீழே முழுதாக வரும், மாடியில் 94-ஐத் தாண்டாது. சேனலை மாற்றினேன், ஆன்டெனாவைத் திருப்பினேன், அலமாரியை நகர்த்தினேன். 94. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வைஃபை வேகம் ஒருபோதும் அப்படி அசையாமல் நிற்காது. ஒருவர் குறுக்கே நடந்தாலே ஏறி இறங்கும். காலையிலும் இரவிலும், பக்கத்தில் நின்றாலும் சுவருக்குப் பின்னால் நின்றாலும் அதே 94 என்றால், அது கம்பியில் ஓடும் நூறு மெகாபிட் இணைப்பின் எண். நூறிலிருந்து தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சுவது அவ்வளவுதான். கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் அந்த ஒரு போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிந்ததைப் பல நாள் பார்த்திருக்கிறேன், பொருட்படுத்தியதில்லை.

கேட்5இ ரக நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நான் கிரிம்ப் செய்த (பிளக்கை அழுத்திப் பொருத்திய) முனையில் பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி உள்ளே வரை போகவே இல்லை. இணைப்பு அறுந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். கருவிகள் சமர்த்தாக நூறுக்கு இறங்கி வேலை செய்துகொண்டிருந்ததால் தவறு வெளியே தெரியவில்லை. முனையை வெட்டி, புது ஆர்ஜே45 பிளக் போட்டு, ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருள் வைத்து வீட்டுக்குள்ளேயே கம்பி வழியாக அளந்தேன்: 940 மெகாபிட். இன்டர்நெட் வேகச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

மாடிப்படியில் அழைப்பு அறுந்துபோவது தனி ரகம். இரண்டு இடத்திலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு; ஆனால் எப்போது தாவுவது என்பதை முடிவெடுப்பது போன்தான். ஐபோன்கள் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு) கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும். நானோ இரண்டிலும் சக்தியை உச்சத்தில் வைத்திருந்தேன். மாடிக்குப் போன பிறகும் போன் கீழே இருப்பதையே கட்டிக்கொண்டு தொங்கியது. சக்தியைக் கூட்டினால் நல்லது என்பது எல்லோருக்கும் வரும் நினைப்பு. நான் குறைத்தேன், வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் பாதிக்கும் கீழே. தாவல் சரியானது. போன் தாவ உதவும் 802.11கே, வி அமைப்புகள் இரண்டையும் போட்டு வைத்திருக்கிறேன். தாவலை வேகப்படுத்தும் 802.11ஆர் போட்டதும் பிரின்டர் சேர மறுத்ததால் அதை எடுத்துவிட்டேன்.

சேனல் விஷயத்தில் பெரிதாக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11. மாடிக்கு 1, கீழே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. கூட்டமில்லாத சேனல் என்று 100-ஐத் தேர்ந்தெடுத்தேன். வேகம் பிரமாதம், ஆனால் வாரத்தில் ஒருநாள் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் காணாமல் போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வரும். பதிவேட்டைப் பார்த்தால் ரேடார் என்றிருந்தது. அந்தப் பகுதியை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் துடிப்பு மாதிரி எதையாவது கேட்டால் உடனே விலகியாக வேண்டும், அப்படிப்பட்ட வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். ரேடார் தொல்லை இல்லாத 36-க்கு மாறிவிட்டேன். கொஞ்சம் நெரிசல்தான், ஆனால் இருக்கிறது.

இரண்டாம் வருடத்தில் கீழே உள்ள ஆக்சஸ் பாயின்ட் இரவில் தானாக அணைந்து எழ ஆரம்பித்தது. சூடு என்று நினைத்து உயரமாக மாட்டிப் பார்த்தேன். குற்றவாளி அடாப்டர்! எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இப்போது அதற்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கிறேன். இந்த வழியில் போகிறவர்கள் கவனிக்க: 802.3ஏஎஃப் தரத்தில் வருவதும் 24 வோல்ட் பேசிவ் என்று வருவதும் வேறு வேறு. முந்தையது கருவியிடம் கேட்டுவிட்டு மின்சாரம் தரும், பிந்தையது கேட்காமல் தள்ளும்.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பூட்டு முறைகள் இரண்டும் கலந்த முறை. அதில் சேராத ஒரு ஸ்மார்ட் பிளக்குக்காக 2.4-இல் மட்டும் தனிப் பெயர்.

குறை என்று சொன்னால், மாடியில் உள்ள பழைய ரவுட்டர் ஃபர்ம்வேர் (அதன் உள்ளே ஓடும் மென்பொருள்) புதுப்பித்தபோது ஒருமுறை எல்லா அமைப்பையும் மறந்துவிட்டுப் புதுசாக எழுந்தது, டிஹெச்சிபியோடு. அன்று காலை அப்பா மறுபடியும் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். இந்த முறை இரண்டு நிமிடம்தான் ஆனது. அதன் முகவரியையும் “டிஹெச்சிபி அணை” என்பதையும் ஒரு தாளில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.