ஆணா, பெட்டையா? கண், கை, டி.என்.ஏ.

"கேரண்டி ஜோடி சார்" என்று சொல்லித்தான் ஒரு கடைக்காரர் அந்த இரண்டு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸையும் கொடுத்தார். சில மாதங்களில் பானையில் முட்டை. எண்ணினால் பதினொன்று! ஒரு பெட்டை வழக்கமாக நான்கிலிருந்து ஆறுதான் இடும். செல்போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடச் சிவப்பு நரம்பு ஓடவில்லை, எல்லாம் கூமுட்டை. இரண்டுமே பெட்டை.

கண்ணுக்கே தெரிகிற பறவைக்கு டெஸ்ட் வேண்டாம். நாம் வெறுமனே லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜியில், வளர்ந்தபின் அலகுக்கு மேலே மூக்குத்தோல் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பென்றால் பெட்டை. (முழு மஞ்சளான லுட்டினோ, முழு வெள்ளையான அல்பினோ வகைகளில் இந்தக் கணக்கு உதைக்கும்.) எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெட்டை சிவப்பு. ஒரு காலத்தில் இரண்டையும் வேறு வேறு இனம் என்றே நினைத்திருந்தார்கள். கடைகளில் கிடைக்கும் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், சன் கான்யூர் கிளி போன்றவற்றில்தான் கண் தோற்றுப்போகும்.

அப்போது கடைக்காரர் கையை நம்புவார். வயிற்றடியில் இடுப்பெலும்பு இரண்டையும் தடவி, இடைவெளி அகலமாக இருந்தால் பெட்டை என்பார். இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைக்கு அது ஒடுங்கித்தான் இருக்கும். என் 'ஆண்' அப்படி வந்ததுதான்.

மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, இடப்பக்கம் சிறு துளை போட்டு எண்டோஸ்கோப்பில் பார்க்கும் முறையும் உண்டு. பெரும்பாலான பறவைகளில் இடது சினைப்பை மட்டுமே வேலை செய்யும், அதனால்தான் அந்தப் பக்கம். பறவை பருவத்துக்கு வந்துவிட்டதா, உள்ளே நோய் ஏதும் இருக்கிறதா என்பதும் தெரியும். டி.என்.ஏ. இதைச் சொல்லாது. ஆனாலும் ஆணா பெட்டையா என்பதற்காக மட்டும் ஐம்பது கிராம் பறவையை மயக்குவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, டி.என்.ஏ. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. நம்மைப் போலில்லை, குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் கையில். சி.எச்.டி.1 என்ற மரபணு இரண்டு குரோமோசோமிலும் உண்டு, ஆனால் நீளம் வேறு. டி.என்.ஏ.வைப் பல மடங்காக்கும் பி.சி.ஆரில் நகலெடுத்து, நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் ஆணுக்கு ஒரு கோடு, பெட்டைக்கு இரண்டு. ஈமு, தீக்கோழி போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது.

ரத்தமா, இறகா? பறவையின் சிவப்பணுவில் டி.என்.ஏ. உள்ள உட்கரு உண்டு, அதனால் ஒரு சொட்டே தாராளம். வீட்டில் எடுப்பதென்றால் இறகுதான் சுலபம். நெஞ்சிலிருந்து நான்கைந்தை வேரோடு பிடுங்க வேண்டும். கூண்டில் உதிர்ந்து கிடப்பதை நம்பாதீர்கள். வேர் காய்ந்திருக்கும், எந்தப் பறவையுடையது என்றும் தெரியாது. ஆய்வகத்தைவிட நம் கைதான் அதிகம் சொதப்பும். பெட்டையின் இறகைத் தொட்ட விரலாலேயே ஆணின் இறகையும் தொட்டால், ஆணுக்கும் இரண்டு கோடு விழலாம். ஒரு பறவை முடிந்ததும் கை கழுவி, கவரை ஒட்டி, பெயர் எழுதிய பிறகே அடுத்ததைப் பிடிப்பேன்.

சான்றிதழோடு வாங்குகிறவர்கள் காலில் உள்ள வளைய எண்ணையும் பாருங்கள். தாள் ஒரு பறவையுடையது, கூண்டில் இருப்பது இன்னொன்று என்பதும் நடக்கும்.

போன மாதம் ஒரு ஆண் வாங்கினேன். டெஸ்ட் தாளும் வளைய எண்ணும் சரியாக ஒத்துப்போயின. இரண்டு பெட்டைகளும் சேர்ந்து அதைப் பானைப் பக்கமே விடுவதில்லை.