இந்த வாரத்துக்கு எது, இனிவரும் ஆண்டுகளுக்கு எது? கெட்டமைன், இசிடி, லித்தியம்

கடும் மனச்சோர்வோடு தற்கொலை எண்ணமும் சேர்ந்துகொண்ட ஒருவருக்கு எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்பவரிடம், எத்தனை நாளுக்குள் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த வாரத்தைக் கடக்கவைப்பது ஒரு வேலை. அடுத்த ஐந்தாண்டுகளைக் கடக்கவைப்பது வேறு வேலை. சோர்வைக் குறைப்பதும் சாவைத் தடுப்பதும்கூட ஒன்றல்ல.

இந்த வேறுபாடு ஆய்வகத்தில் எப்போதோ தென்பட்டுவிட்டது. ஸ்வீடனில் மாரி ஆஸ்பெர்க்கின் குழு மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரைச் சோதித்து 1976-இல் முடிவை வெளியிட்டது. செரட்டோனின் எனும் மூளை வேதிப்பொருள் சிதைவதால் உண்டாகும் பொருள் குறைவாக இருந்தவர்களிடையே தற்கொலை முயற்சிகள் அதிகம். தற்கொலை அபாயத்துக்கென்று தனி உயிரியல் இருக்கலாம் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. ஆனால் யாருக்கு அபாயம் என்று முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. அப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

கெட்டமைன், இசிடி எனும் மின்னதிர்ச்சிச் சிகிச்சை, லித்தியம் ஆகிய மூன்றையே இங்கே ஒப்பிடுகிறேன். வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளைச் சேர்க்கவில்லை. அவை பலருக்கும் உதவுகின்றன. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 25 வயதுக்குட்பட்டவர்களைத் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கண்காணிக்கவும் வேண்டும்.

வேகம் என்று பார்த்தால் கெட்டமைனுக்கு நிகரில்லை. 1962-இல் உருவாக்கப்பட்டு, 1970 முதல் அமெரிக்காவில் மயக்க மருந்தாகப் பயன்பட்டது இது. மயக்கத்துக்கான அளவைவிடக் குறைவாக, சுமார் 40 நிமிடம் நரம்பில் ஏற்றினால் சில மணி நேரத்தில் மனநிலை மாறுகிறது என்பதை 2000-இலும் 2006-இலும் வந்த சிறிய அமெரிக்க ஆய்வுகள் காட்டின. குளூட்டமேட் எனும் வேதிப்பொருளின் ஏற்பிகளில் ஒரு வகையை இது தடுக்கிறது. அதன் தொடர்ச்சியாக நரம்பணு இணைப்புகள் புதிதாகத் துளிர்ப்பதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். முழு விளக்கம் அதுதானா என்பதில் சண்டை ஓயவில்லை. மார்பின் போன்ற ஓபியாய்டுகளின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தை முன்னதாகக் கொடுத்தால் கெட்டமைனின் பலன் மங்கியதாக 2018-இல் ஒரு சிறிய ஆய்வு சொல்லி, வேறொரு குட்டையைக் கலக்கியது.

2022-இல் வெளியான பிரான்ஸ் ஆய்வுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. தீவிரத் தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 156 பேரில், கெட்டமைன் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கு மூன்றாம் நாளில் அந்த எண்ணம் அடங்கியிருந்தது. ஒப்பிடுவதற்காக, மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்குத்தான். அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குப் பலன் கூடுதல். ஆனால் ஆறாவது வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. கெட்டமைனின் ஒரு வடிவமான, மூக்கில் பீய்ச்சும் எஸ்கெட்டமைனுக்கு 2019-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. தற்கொலையைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று அதன் விவரக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. விளம்பரங்களில் இந்த வரி பெரிய எழுத்தில் வருவதில்லை.

இசிடி என்கிற மின்னதிர்ச்சிச் சிகிச்சை 1938-இல் ரோமில் தொடங்கியது. இதைப் பற்றி நம்மில் பலருக்கும் தெரிந்ததெல்லாம் சினிமாவில் கைகால்களைக் கட்டிப்போட்டு ஷாக் கொடுக்கும் காட்சிதான். உண்மையில் நோயாளிக்கு மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்தே செய்கிறார்கள். இவையில்லாமல் செய்வதை இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகள் எதிரெதிர் விடைகளைத் தந்திருக்கின்றன. 2021-இல் வந்த ஸ்வீடன் ஆய்வில் 186 பேர்; இசிடி பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது, கெட்டமைன் பெற்றவர்களில் 46. 2023-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 403 பேர். அங்கே கெட்டமைனுக்கு 55 விழுக்காட்டினரும் இசிடிக்கு 41 விழுக்காட்டினரும் பலன் கண்டார்கள். எதை நம்புவது? என்னைக் கேட்டால் இரண்டையும். ஸ்வீடனில் சேர்க்கப்பட்டவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள். மாயக்குரல், பொய்நம்பிக்கை உள்ளவர்களும் அவர்களில் உண்டு. அமெரிக்க ஆய்வு அத்தகையவர்களை விலக்கியது; பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள். இசிடியையும் நினைவாற்றலை அதிகம் பாதிக்காத மென்மையான முறையிலேயே தொடங்கினார்கள். ஆக, சாப்பாட்டை மறுத்துப் படுத்துவிட்ட முதியவருக்கு, தான் பாவி, வாழத் தகுதியற்றவள் என்ற பொய்நம்பிக்கையில் உறைந்துபோனவருக்கு இசிடியே என் தேர்வு. நடமாடிக்கொண்டு, மாத்திரைகளால் பலன் காணாத நடுவயதினருக்கு முதலில் கெட்டமைனை முயல்வதில் தவறில்லை.

விலை இரண்டிலும் உண்டு. இசிடிக்குப் பின் சில நினைவுகள் அழிகின்றன. பெரும்பாலும் சிகிச்சையை ஒட்டிய மாதங்களின் நினைவுகள், அவற்றில் சில திரும்புவதே இல்லை. மருத்துவர்கள் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கெட்டமைன் இரத்த அழுத்தத்தை ஏற்றும். உடலைவிட்டு விலகி நிற்பதுபோல் சிறிது நேரம் தோன்றவைக்கும். நெடுநாள் தவறாகப் பயன்படுத்தினால் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். இரண்டிலுமே குணம் கண்டவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது.

அங்கேதான் லித்தியத்தின் இடம். அளவு மீறிய உற்சாக நிலையை இந்த உப்பு மருந்து அடக்குவதை ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் எனும் மருத்துவர் 1949-இல் கண்டறிந்து எழுதினார். 48 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டு அலசல், போலி மருந்தைவிட லித்தியம் தற்கொலைச் சாவுகளைக் குறைப்பதாகக் கண்டது. பிறகு அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 519 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியாமல் பாதியிலேயே நிறுத்தினார்கள். லித்தியத்தின் புகழ் சற்று மங்கியது உண்மை. எனினும் இருமுனைக் கோளாறில் இதை ஒதுக்க நான் துணியமாட்டேன். இரத்தத்தில் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் தவறாமல் சோதிக்க முடியாத வீட்டில் மட்டும் இது வேண்டாம். தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இந்தப் போட்டியில் யாரும் பெயர் கொடுக்காத நான்காவது ஆள் ஒருவர் உண்டு: தொடர்ந்து நலம் விசாரிப்பது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி, 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியினருக்கு அத்துடன் ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பும். தற்கொலையால் இறந்தோர் முதல் குழுவில் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. காப்புரிமை இல்லாததால் இதற்கு விற்பனைப் பிரதிநிதி கிடையாது.

எனவே எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் கேளுங்கள்: முதல் வாரத்தில் எங்களைக் கூப்பிடப்போவது யார், எந்தக் கிழமை? மாத்திரைகளை வீட்டில் ஒருவர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு இந்தியா முழுவதும் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. மூன்றிலும் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.